சேர வேண்டிய வேலைக்கு வரவில்லை என்று சொல்லப் போனேன்

திங்கட்கிழமை சேர வேண்டிய நர்ஸ் வேலைக்கு வரவில்லை என்று சொல்ல, இன்று ஸ்ரீரங்கத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போனேன். திருச்சியில் இதைவிடப் பெரிய இடத்தில் ஐ.சி.யூ. வேலை கிடைத்துவிட்டது.

வாசலில் நிறைமாத கர்ப்பிணியான ஒரு சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா வர்றவங்க நீங்கதானா? நீங்க சேர்ந்தாதான் எனக்கு லீவுன்னு சொல்லியிருக்காங்க."

மேட்ரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

உள்ளே மேட்ரனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவே பெருசும்மா. நிறைய பேரு போனையே எடுக்க மாட்டாங்க."

திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்து அந்த சிஸ்டரிடமும் நானே சொன்னேன். முகம் வாடிவிட்டது. கேட் வரை கூட வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "குழந்தை பிறந்தப்புறம் எனக்கும் அங்க வேலை கிடைக்குமாங்க?"

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இவரும் போய்விட்டால் மேட்ரன் என்ன செய்வார் என்று நினைத்தால் விசாரிக்க மனசு வரவில்லை. நீங்களாக இருந்தால் விசாரிப்பீர்களா?