நூற்றிருபது அடிக் கயிறு

பரப்பளவு கற்றுக்கொண்ட வாரத்தில் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அறுப்புக் கூலித் தகராறுக்காக வந்த போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குள் தங்கிவிட்டதால் எங்களுக்குப் புளியமரத்தடியில்தான் பாடம். கணக்கு வாத்தியார் மண்ணில் குச்சியால் ஒரு செவ்வகம் கிழித்து, நீளத்தை அகலத்தால் பெருக்கினால் உள்ளே எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே இறங்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியும்! அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். பாய், கதவுத் தட்டி, தூங்குகிற தம்பியின் முதுகு என எதையும் விடவில்லை. முறம் மட்டும் ஒரு பக்கம் வளைந்து தொலைத்ததால் அதன்மேல் கோபமாக இருந்தேன்.

அப்போது எங்கள் தெருவும் நிலைகொள்ளாமல்தான் இருந்தது. தெரு என்றால் வாய்க்கால் ஓரம் பதினான்கு குடிசைகள். எல்லாம் பண்ணையின் மண்ணில் நின்றன. கூலியைப் பற்றி யாராவது வாய் திறந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று பண்ணையிலிருந்து ஒரு வார்த்தை வரும். திறந்த வாய் மூடிக்கொள்ளும். சென்னையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. சர்வேயரும் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் வந்து அவரவர் பேரில் எழுதப்போகிறார்கள் என்றார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதில் தெருவுக்குள் தகராறு இருந்தால் எழுதாமலே போய்விடுவார்களாம். மறுபடி எப்போது வருவார்களோ, யாருக்குத் தெரியும்? பண்ணைக் காரியக்காரர் அதை நம்பித்தான் தினமும் சைக்கிளில் வந்து, இவரிடம் அவருக்கு அதிகம் என்றும் அவரிடம் இவருக்கு அதிகம் என்றும் ஓதிவிட்டுப் போனார்.

தகராறு வராமலிருக்க வழி கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். அறுப்பு வயலில் கயிறு பிடித்துப் பங்கு பிரிப்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். வயலில் எல்லாப் பங்கும் ஒரே நீளம், அதனால் அகலத்துக்குக் கயிறு பிடித்தால் பங்கு சரியாக வந்துவிடும். அதே கயிற்றை மாமா மனைக்கும் கொண்டுவந்தார். நூற்றிருபது அடி நார்க்கயிறு ஒன்றை முனையோடு முனை முடிந்து வளையமாக்கினார். ஒவ்வொரு வீட்டையும் சுற்றி, இடத்துக்குத் தக்கபடி நாலு முளை அடித்து இழுத்துக் கட்டிப் பார்க்க வேண்டியது. எல்லாருக்கும் ஒரே கயிறு, ஆகவே எல்லாருக்கும் ஒரே மனை. தெருவே தலையாட்டியது. இவ்வளவு நியாயமான ஒரு கயிற்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மாமாவின் குடிசை வெட்டவெளியில் இருந்தது. அதைச் சுற்றிக் கயிறு நல்ல சதுரமாக விழுந்தது. எங்கள் குடிசைக்கு ஒரு பக்கம் வாய்க்கால் கரை, மறுபக்கம் வண்டித் தடம். கயிறு புடலங்காய் மாதிரி நீண்டு கிடந்தது.

சர்வேயர் வருவதற்கு முந்தின நாள் நான் இரண்டையும் அளந்தேன். மாமாவுடையது முப்பதுக்கு முப்பது. எங்களுடையது ஐம்பதுக்குப் பத்து. சுற்றிக் கூட்டினால் இரண்டுமே நூற்றிருபதுதான். பெருக்கினால் அங்கே தொள்ளாயிரம், இங்கே ஐந்நூறு. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். அப்பா கூரைமேல் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்று கத்திச் சொன்னேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய மூடிக்கிட்டு இரு பாப்பா. நாளைக்கு ஒரு நாளு."

பாவம், அப்பாவுக்குப் பெருக்கல் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். கூடவே கர்ணம், அவருக்குப் பின்னால் காரியக்காரர். ஒவ்வொரு முளையாகப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்த சர்வேயர், கர்ணத்தைத் தாளை எடுக்கச் சொல்லிவிட்டுப் பொதுவாகக் கேட்டார்.

"எல்லாருக்கும் சம்மதந்தானே? ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லச் சொல்கிறாரே! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

"சார், எங்க மனை சின்னது சார்! மாமாவோடது தொள்ளாயிரம், எங்களது ஐந்நூறுதான் சார்!"

சர்வேயர் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கினார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றது. "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாத்தியார் பக்கத்தில் இல்லையே என்றுதான் குறை.

"அப்ப தகராறு இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிடலாமே சார்" என்று காரியக்காரர் நயமாகச் சொன்னார்.

அதற்குள் தெரு கலைந்துவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் முளையையும் பக்கத்து வீட்டு முளையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு எவ்வளவு, போட்டுச் சொல்லு என்று ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்தார். ஒருத்தர் ஒரு முளையைப் பிடுங்கியேவிட்டார். மாமா என் நோட்டையும் தன் மனையையும் பார்த்தபடி நின்றார். கர்ணம் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னை அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எம் மவ போட்ட கணக்கு சரிங்க" என்றார் அவர். "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. மொதல்ல எம் மனைய எழுதுங்க."

மைப்பெட்டியில் கட்டை விரலை அழுத்தி, மடித்த தாளை விரிக்கச் சொல்லி உருட்டி வைத்தார். இருப்பதிலேயே சின்ன மனைக்காரன் கைநாட்டு வைத்தபின் மற்றவர்கள் என்ன பேசுவது? முளையைப் பிடுங்கியவரே அதைத் திரும்ப அடித்தார். சாயங்காலத்துக்குள் பதினான்கும் எழுதி முடிந்தது. காரியக்காரரின் சைக்கிள் பாதியிலேயே போய்விட்டிருந்தது.

சரியான விடைக்கு மதிப்பெண் கிடைக்காத ஆத்திரம் எனக்கு. அடுப்படியில் அம்மாவிடம் போய், அப்பாவுக்குக் கணக்கே தெரியாதா என்று கேட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "நம்ம எடத்துல நட்டா அஞ்சு முடி நாத்து போதும். மாமா எடத்துக்கு ஒம்பது முடி வேணும். கயிறு கட்டுன அன்னைக்கே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்."

ஐந்து கட்டு நாற்று, ஒன்பது கட்டு நாற்று! நான் நோட்டைத் திறந்து சரிபார்த்தேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள், எண்ணற்ற வயல்களில் குனிந்து நட்ட கையாலேயே விடையைப் போட்டிருக்கிறாள். விடை ஒத்துப்போன சந்தோஷத்தில், தெரிந்தும் இருவரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கயிறு கட்டியபோது மாமாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவர் மனசறிந்து யாரையும் ஏமாற்றவில்லை, கயிற்றை நம்பினார். அன்றுவரை விடிந்ததும் எங்கள் வீட்டில் வந்து நீராகாரம் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர், அதற்குப் பிறகு வண்டித் தடத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அம்மா கொஞ்ச நாள் சொம்பை நிரப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். மாமாவுக்கு என்ன கோபம் என்று நான்தான் அவளிடம் போய்க் கேட்டேன்.