அம்மன் ரதமும் அசையாத முள்ளும்

எங்கள் பழைய செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ரதத்தை இழுப்பது என்னுடைய கார்தான். தோட்டத்தில் டிராக்டர் கொடுப்பதை நிறுத்திய வருஷத்திலிருந்து மாரியம்மா எனக்குக் கொடுத்த வேலை அது. செனாவாங் பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் நான் விடவில்லை. காருக்கும் என் வயதுதான் இருக்கும்.

போன திருவிழாவில் பாதி வழியில் இஞ்சின் கொதித்துவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே அம்மா அப்படியே நின்றுபோனாள். ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக் கோயில் சேர்த்தார்கள். சூட்டைக் காட்டும் முள் அடியிலேயே செத்துக் கிடந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கோயில் தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். "இந்த வருஷம் முள்ளு வேலை செஞ்சா உங்க காடியே வரட்டும்ண்ணே. இல்லன்னா பிக்கப்புக்குச் சொல்லிடுறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி, "முள்ளுதானே, மாத்துங்க" என்றாள். அவள் தம்பி சுங்கை காடுட் தொழிற்சாலையில் மிஷின் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் புது சென்சரோடு வந்தான்.

பழைய சென்சர் துருவேறி இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பலமா திருகுனா ஒடிஞ்சிரும் மச்சான். ஒடிஞ்சா இஞ்சின் ஹெட்டையே கழட்டணும். அப்புறம் திருவிழாவ மறந்துர வேண்டியதுதான்."

துருவை இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. சாமி விளக்கிலிருந்து ஒரு கரண்டி நல்லெண்ணெய் எடுத்து வந்து அதன் மேல் விட்டேன். திரும்பி வந்தவன் குனிந்து மோந்து பார்த்தான்.

"என்ன மச்சான் இது?"

"விளக்கு எண்ணெய்."

"அப்படியே பூவும் வச்சிருக்கலாமே லா."

"வச்சா ஒண்ணும் தப்பில்லடா. நீ வேலையப் பாரு" என்றாள் அக்காக்காரி, வாசலில் நின்றபடி.

இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, ஸ்பானரை மாட்டி, முதலில் லேசாக முடுக்கி, பிறகு லேசாகத் தளர்த்தி, மாற்றி மாற்றி அசைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பித்தளைத் துண்டு அவன் உள்ளங்கையில் முழுசாக இருந்தது.

புதியதைப் போட்டும் முள் அசையவில்லை.

"உங்க சாமி எண்ணெய்தான் மச்சான் தடுக்குது" என்றான். பார்த்தால், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தான். மரை இஞ்சின் இரும்பைத் தொட்டால்தானே கரண்ட் ஓடி முள் அசையும்? டேப்பைப் பிரித்து, வாஷர் போட்டு மறுபடி முடுக்கினான். முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. என் மனைவி அதைத் தொட்டுக் கும்பிட்டாள். எந்த எண்ணெயில் கழன்றது என்று மைத்துனனோடு எனக்கு இன்றும் வாக்குவாதம் உண்டு.

திருவிழா அன்று ரதத்தை மாட்டிக்கொண்டு நடை வேகத்தில் போனோம். என் மனைவி திருநீற்றுத் தட்டோடு என் பக்கத்தில். மேட்டில் ஏறும்போது முள் சிவப்பை நோக்கிப் போனது. காரோடு நடந்து வந்த மைத்துனன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ஹீட்டரத் திறங்க மச்சான். இஞ்சின் சூடு உள்ள வந்துரும்."

நம் ஊர் வெயிலுக்கு யார் ஹீட்டர் போடுகிறார்கள்? இத்தனை வருஷத்தில் நான் தொடாத குமிழ் அது. திருகியதும் அனல் முகத்தில் அடித்தது. முள் தயங்கி நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. கார் மட்டும் அடுப்பாகிவிட்டது. அவள் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்தது.

"நீ இறங்கி நடந்து வாயேன்" என்றேன்.

"அப்புறம் முள்ள யாரு பாக்குறது? நீங்க ரோட்டப் பாருங்க."

முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். கண்ணை முள்ளைவிட்டு எடுக்கவில்லை. பின்னால் அம்மா விளக்குகளோடு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் இஞ்சினை நிறுத்திய பிறகுதான் அவள் திரும்பி ரதத்தைக் கும்பிட்டாள்.