இரண்டு கைப்பிடி மாவு

என் தாய்மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. ரொட்டிக்கடை வைத்திருந்தவர். நேற்றுச் சுட்டதை யாராவது எடுத்தால், அது பழசு என்று அவரே சொல்லித் திருப்பி வாங்கிக்கொள்வார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். அவரிடம் போய் ஊரையே ஏமாற்றும் வேலையை ஒப்படைத்தார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் எதிரிப்படை வந்து உட்கார்ந்திருந்தது. இக்கரை முகாமில் இருந்ததோ அறுபது பேர். மூவாயிரம் பேர் வந்து இறங்கியிருப்பதாகக் கதை கட்டச் சொன்னார் முகாம் அதிகாரி. எதிரியின் ஆட்கள் ஊருக்குள் கலந்திருந்ததால் வெறும் கதை போதாது. மாமா விடியும் முன்பே இரண்டு அடுப்பையும் மூட்டி நாள் முழுக்கப் புகைவிட வேண்டும். மரத்தூள் அடைத்த மூட்டைகளை ரொட்டி என்று வண்டியில் ஏற்றி முகாமுக்கு அனுப்ப வேண்டும். வெளியே மூச்சுவிட்டால் தலை தப்பாது.

மாமாவுக்குப் பொய் நன்றாகவே வந்தது. எவ்வளவு சுட்டாலும் பட்டாளத்துக்குப் பத்தவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் அலுத்துக்கொண்டார்.

ஊரில் தானியம் தீர்ந்துபோயிருந்தது. கடையைத் தாண்டிப் போகிறவர்கள் காறித் துப்பினார்கள். அம்மா ஒருநாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். தம்பிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"ஒரே ஒரு ரொட்டிண்ணே. எனக்கில்ல, புள்ளைக்கு."

வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் பட்டாளத்துக்கு எண்ணி வச்சது. போ."

அந்த வாரமே தம்பி போய்விட்டான். அடக்கத்துக்கு வந்த மாமாவுக்கு அம்மா முகம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அக்கரைப் படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. ஊர் பிழைத்தது. அதற்குச் சந்தோஷப்பட எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.

சண்டை முடிந்ததும் மாமா வீட்டுக்கு வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடையில் ஒரு ரொட்டிகூட இருந்ததில்லை, மூட்டை முழுக்க மரத்தூள்தான் என்றார். அம்மா நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

"அன்னைக்கு ரொட்டி வாசனை வந்துச்சேண்ணே."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசனைக்குன்னு தினம் ரெண்டு கைப்பிடி மாவு குடுத்தாங்க. அடுப்புல போட்டுக் கருக்குவேன்."

"ரெண்டு கைப்பிடி," என்றாள் அம்மா. "கரைச்சு ஊத்தியிருப்பேனே."

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வாசனையா, உனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஊருக்கே பொய் சொன்னவர், தங்கைக்கும் ஒன்று சொல்லியிருக்கலாம்.