கொட்டேஷன் வாங்கிப் போட்ட கோழித்தீனி

1. ஜி.எம். கொடுத்த வேலை

எழுபதுகளின் கடைசியில், ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் டிரெய்னியாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிரெய்னிங் முடிகிற சமயத்தில் ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். நான் பெர்மனென்ட் ஆவதும் வீட்டுக்குப் போவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. போல்ட், நட்டு பற்றிக் கேட்பார் என்று படித்துக்கொண்டு போனேன்.

"குவார்ட்டர்ஸ்ல கோழி வளர்க்கிறோம்ப்பா. மூட்டைத் தீவனத்துல கெமிக்கல் இருக்குன்னு வீட்டுல சொல்றாங்க. இயற்கையான தீனியா நீயே பார்த்து வாங்கு. சேர்மன் வர்றப்ப டிபனுக்கு நம்ம வீட்டு முட்டைதான்" என்றார்.

எங்கள் வீட்டிலும் கோழிகள் உண்டு. குப்பைமேட்டைக் கிளறித் தின்று முட்டையிட்டன. அவற்றுக்கு யாரும் தீனி தேர்ந்தெடுத்ததில்லை.

மூன்று கொட்டேஷன் இல்லாமல் கம்பெனியில் எதுவும் வாங்க முடியாது. யூரியா போடாத வயலில் விளைந்த கம்பு, நொய், தவிடு என்று எழுதி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான வல்லத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். லெட்டர்பேடில் விலை எழுதிக் கேட்டதற்கு ஒரு விவசாயி, "எங்கையில பேடும் இல்ல, உங்க கோழிக்குப் படிக்கவும் தெரியாது தம்பி" என்றார். ஆனாலும் எப்படியோ மூன்று சேர்த்துவிட்டேன்.

முட்டையின் ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூளும் வேண்டும் என்று கால்நடை மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஜி.எம். பட்டியலில் அதை மட்டும் அடித்துவிட்டார். கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்றால் கெமிக்கல். அவர் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே அப்படிப் போட்டிருக்கிறதாம். கோழிகள் கண்டதைத் தின்றுவிடாதபடி மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் வலையும் வைத்து, சிமெண்ட் தரை போட்ட ஷெட்டில் அடைத்தார்கள்.

2. இன்ஸ்பெக்‌ஷன்

கொஞ்ச நாளில் தோல்முட்டை விழ ஆரம்பித்தது. ஓடே இல்லை, எடுத்தால் கையில் அமுங்கியது. ஜி.எம். நேரே, உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே சூப்பர்வைசர் கோதண்டம் முறைப்படி ஒரு முட்டையை மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகினார். மேஜையெல்லாம் மஞ்சள்.

"இன்னா தம்பி, அளக்கச் சொல்ல ஒழுகுது. ரிஜெக்ட்டுனு போடவா, ரீவொர்க்குனு போடவா?"

சேர்மன் வரப் போகிறார், என் கன்ஃபர்மேஷனே இந்த முட்டையில்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். கோதண்டம் மேஜையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அப்ப ரீவொர்க்கு, செஞ்சவங்களே சரி பண்ணணும். கோழியாண்ட நீயே எடுத்துக்கினு போய்க் குடுத்துடு."

3. வெள்ளையடிப்பு

சேர்மன் வருகிறார் என்றால் கட்டட வேலை பார்க்கும் எங்கள் சிவில் செக்‌ஷன் அசையாத எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடும். கோழி ஷெட்டும் தப்பவில்லை. சில நாள் கழித்துத் தீனி போடப் போனபோது, கோழியின் கழுத்து எட்டும் உயரம்வரை சுவரில் சுண்ணாம்பு இல்லை. எல்லா அலகும் வெள்ளை. முட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். 'டொக்' என்றது.

சேர்மன் ஆம்லெட் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டாராம். மறுநாள் ஜி.எம். என் கன்ஃபர்மேஷன் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பார்த்தியா? கெமிக்கல் இல்லாத தீனின்னா இப்படித்தான் ஓடு நிக்கும்" என்றார்.

சுவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பேனா கையெழுத்தின் பாதியில் இருந்தது. மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு ஷெட்டுச் சுவருக்கு அடிக்கடி வெள்ளையடிக்கச் சிவில் செக்‌ஷனுக்கு எழுதி அனுப்பினேன். ஒருமுறைகூட யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டடப் பராமரிப்பில் அக்கறையுள்ள பையன் என்று பெயர்தான் வந்தது.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கோழிக்கு என்ன வேண்டும் என்று முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாமல், அது எந்த டிபார்ட்மென்ட் வழியாக வந்தால் உள்ளே விடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.