கையால் ஓட்டுகிற காருக்கு நாலு இன்ஜெக்டர்

இன்ஜெக்டர் தொழிலில் கெட்டுப்போவது விரல் அளவு சாமான், நின்றுபோவதோ முழு வண்டி. பெட்ரோலைப் பனி மாதிரி பொடியாக்கி இன்ஜினுக்குள் பீய்ச்சுவதுதான் அதன் வேலை. அது சரியாகப் பீய்ச்சாவிட்டால் என்ன ஆகும் என்று பழைய கார் வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிக்னலில் வண்டி குலுங்கும்போது ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்து, "வீடு வரைக்கும் மட்டும் வந்துடு ராஜா" என்று நீங்களும் கெஞ்சியிருப்பீர்கள்.

நீலசந்திராவில் நானும் இம்தியாஸ் பாயும் கூட்டாக ஒரு பட்டறை நடத்துகிறோம். கழற்றுவதும் மாட்டுவதும் அவர். டெஸ்ட் பெஞ்சில் போட்டு எது தேறும், எது தேறாது என்று பார்ப்பது நான். எத்தனையோ வண்டிகள் வந்துபோயிருக்கின்றன. இங்கே சொல்வது, எங்களைப் பாடாய்ப் படுத்திய ஒரே ஒரு காரைப் பற்றி.

பாலத்துக்கு அடியில்

மழை விட்ட ஒரு சாயங்காலம் அந்தப் பழைய சின்னக் காரை டோ வண்டி இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே ரோஸ்லின் டீச்சர். ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். குழந்தையில் வந்த போலியோவால் இரண்டு காலுக்கும் பலம் கிடையாது. பிரேக், ஆக்சிலரேட்டர், கிளட்ச் மூன்றையும் கைக்கு மாற்றி, பல வருஷமாகத் தானே ஓட்டுகிறார்.

ஒரு மாதமாகவே வண்டி நின்ற இடத்தில் குலுங்கிக் குலுங்கி அணைந்துகொண்டிருந்ததாம். அன்றைக்கு ரயில்வே பாலத்துக்கு அடியில், தேங்கிய தண்ணீருக்கு நடுவில் அணைந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். நாமாக இருந்தால் திட்டிக்கொண்டே இறங்கித் தள்ளுவோம். அவரால் இறங்கவே முடியாது. டெலிவரி வேலை பார்க்கிற இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து தள்ளியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதும் அவர் குரல் கலங்கவில்லை. கலங்கியது எனக்குத்தான். "இருங்க டீச்சர், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வண்டி போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க, செல்வி. வண்டியில என்ன போச்சுன்னு சொல்லுங்க."

ஒன்று மட்டும் விருந்தாளி

மறுநாள் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி பெஞ்சில் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கண்ணாடிக் குழாய். ஓடவிட்டால் நாலு குழாயிலும் ஒரே மட்டத்துக்கு ஏற வேண்டும். மூன்று குழாயில் சோம்பலாக ஏறியது. நாலாவது மட்டும் தம்பி கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிற மாதிரி கொட்டித் தீர்த்தது.

துடைத்துப் பார்த்தால், அந்த ஒன்றின் உடம்பில் பொறித்திருந்த எண்ணே வேறு. எந்தக் கடையிலோ யாரோ, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, பிளக்கும் பொருந்துகிறது என்று வேறு மாடல் காருடையதை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மற்ற மூன்றும் அடைத்துக்கொண்டு பட்டினி போட, இது ஒரு சிலிண்டரைப் பெட்ரோலில் முக்கியெடுத்திருக்கிறது. அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் கரிக்கட்டையாக இருந்தது. இம்தியாஸ் பாய் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"அரே செல்வி, இந்த இன்ஜின் இத்தனை நாள் ஓடினதே டீச்சருக்குப் பயந்துதான்."

தம்பியின் வேண்டுகோள்

அன்று மத்தியானம் டீச்சரின் தம்பி சேவியர் வந்தார். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாலத்துக்கு அடியிலிருந்து அக்கா போன் செய்தபோது அவர் ஒயிட்ஃபீல்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தாராம். போனில் ஹாரன் சத்தம் கேட்கிறது, தண்ணீர் சத்தம் கேட்கிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

"தினம் கேப் வச்சுக் கொடுக்கிறேன்னு சொல்லிட்டேன் மேடம். கேட்க மாட்டேங்குறா" என்றவர், கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர். நான் ரிப்பேர் ஆகும் என்று சொன்னேன். அவர் கேட்க வந்தது அது இல்லை.

"ஆகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். மெக்கானிக் சொன்னா அவ நம்புவா."

சிகல்லம்மா

பொய் சொல்வதில்லை என்று அவரை அனுப்பிவிட்டேனே தவிர, சரியான இன்ஜெக்டர் கிடைக்காவிட்டால் அவர் சொன்னது நிஜமாகிவிடும். அந்த மாடல் கார் வருவது நின்று வெகுகாலம் ஆயிற்று. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் பளபள பெட்டியில் புதுசு என்று கொடுத்தார்கள். பெஞ்சில் போட்டால் நாலும் நாலு திசையில் பீய்ச்சின. திருப்பிக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்காரர் கன்னடத்தில் "சிகல்லம்மா", அதாவது கிடைக்காதும்மா, என்று கையை விரித்துவிட்டார். பழைய சாமான் சந்தையில் இம்தியாஸ் பாய் ஒரு செட் பிடித்துவந்தார். எண் சரி, அளவு சரி. ஆனால் நிறுத்திய பிறகும் அதில் இரண்டு இன்ஜெக்டர் சொட்டுச் சொட்டாக ஒழுகின. "கழுவி ஓட்டிடலாமா?" என்று கேட்டார். பாலத்துக்கு அடியில் நிற்கப்போவது நாங்கள் இல்லையே. வேண்டாம் என்றேன்.

இதற்கிடையில் டீச்சர் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். ஊன்றுகோலைப் பார்த்ததும் சில ஆட்டோக்கள் நிற்காமல் போய்விடுமாம். போனில் ஒரு குறையும் சொல்லவில்லை. "எண் கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்பார். நானும் ஒவ்வொரு கடையாக எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர், விற்காமல் கிடந்த ஒரிஜினல் செட் இருக்கிறது என்று பார்சல் போட்டார். நாலும் குழாயில் ஒரே மட்டத்துக்கு ஏறியதைப் படம் பிடித்து, கிடைக்கவே கிடைக்காது என்று அடித்துச் சொன்ன ஜே.சி. ரோடு கடைக்காரருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சிகல்லம்மான்னு நான் சொன்னது மத்தவங்களுக்கு. நீங்க விடுற ஆள் இல்லேன்னு யாருக்குத் தெரியும்?"

தொட்டியின் அடியில்

மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் பழைய இன்ஜெக்டர்களின் வாயிலிருந்த சின்ன வலையில் செம்மண் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது எனக்கு உறுத்தியது. பெட்ரோல் டாங்க்கை இறக்கச் சொன்னேன். இம்தியாஸ் பாய் முணுமுணுத்துக்கொண்டேதான் இறக்கினார். உள்ளே டார்ச் அடித்தால் அடியெல்லாம் துரு. கொரோனா காலத்தில் வண்டி அசையாமல் நின்றபோது பிடித்திருக்க வேண்டும். அப்படியே விட்டிருந்தால் கோயம்புத்தூர்ச் செட்டும் கொஞ்ச நாளில் அடைத்திருக்கும். டாங்க்கைச் சுத்தம் செய்து, ஃபில்டரையும் மாற்றினோம்.

பிறகு இன்ஜெக்டர்களைப் புது ரப்பர் வளையங்களோடு மாட்டி, சாவியைத் திருப்பினால், ஒன்றின் ஓரத்தில் ஒரு துளி பெட்ரோல் முத்து மாதிரி நின்றது. வளையம் லேசாக மடங்கியிருந்தது. சூடான இன்ஜின் மேல் அந்தத் துளி விழுந்தால் தீதான். சாவியை எடுத்தேன். எல்லாவற்றையும் கழற்றி, வளையங்களை எண்ணெய் தொட்டு மறுபடி உட்கார வைத்தோம். அடுத்த தரம் ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் சத்தம் போட்டதே தெரியவில்லை. இம்தியாஸ் பாய் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

"இனிமே நீ கழட்டுன்னு சொன்னா, ஏன்னு கேட்க மாட்டேன். மனசுக்குள்ள மட்டும் திட்டிக்கிறேன்."

ஏற்றத்தில்

டீச்சரை வரச் சொன்னபோது சேவியரையும் அழைத்தேன். அவருக்கு நான் சொல்லிப் புரியவைக்க முடியாது, வண்டிதான் சொல்ல வேண்டும். டீச்சர் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். நான் முன்னால், தம்பி பின்னால். ஆபீஸ் விடுகிற நேரம். மேம்பாலத்தின் ஏற்றத்தில் டிராஃபிக் அப்படியே உறைந்து நின்றது. முன்பு குலுங்கி அணைந்த வண்டி, இப்போது மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நின்றது. பின்னால் சேவியர் மேல் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். முன் வண்டி நகர்ந்தது. டீச்சரின் இடது கை ஆக்சிலரேட்டர் லீவரை இழுத்தது. வண்டி பின்னால் ஒரு அங்குலம் உருளாமல் மேலே ஏறியது.

இறக்கம் வந்ததும் சேவியர் கைப்பிடியை விட்டார். "அக்கா, என்னை அந்த மெட்ரோ ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடு, போதும்" என்றார். குரலில் பயம் போய் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு? வீடு வரைக்கும் உட்காரு. நின்னு போனா இறங்கித் தள்ள ஒரு ஆள் வேணும்ல."

பழைய காரில் எந்த உதிரிபாகத்தையும் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம், "இதை வித்துத் தொலைங்க" என்று சொல்கிற சொந்தக்காரர்களுக்குத்தான் மாடல் எண் போட்டு மாற்றுச் சாமான் எங்கும் வருவதில்லை.