வந்து சண்டை பிடி

அந்த இணையக் கூட்டத்தில் எனக்குப் பெயர் கிடையாது. ஒரு மாங்காய்ப் படமும் ஒரு புனைபெயரும்தான். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, புகைப்படங்களைச் சிறிதாக்கும் ஓர் இலவச மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துச் சரி சொன்னால்தான் அது உள்ளே போகும். கேட்காமல் எதையாவது போட்டு எல்லாருடைய வேலையையும் உடைத்தால், உடனே அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

தூக்கி எறிவதற்கென்றே பிறந்த ஒருவன் அங்கே இருந்தான். ஏதோ பனி கொட்டுகிற நாட்டுக்காரன். என் வரியில் ஓர் இடைவெளி கூடினாலும் கேள்வி கேட்பான். நானும் விடுகிற ஆள் இல்லை. கண்டியில், திகனைக்குப் பக்கத்தில், வாப்பாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, காலைத் தேநீர் ஆறுவதற்குள் நாலு பத்தி பதில் எழுதுவேன். இப்படியே எலியும் பூனையுமாக இரண்டு வருடம். குற்றம் பார்க்கில் சுற்றமில்லை என்பார்கள். இவனுக்கு ஒரு சுற்றமும் இருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

கலவரம் வந்த பகலில் நான் மென்பொருளில் ஒரு பெரிய மாற்றத்தை எழுதிப் பாதி வழியில் இருந்தேன். சந்தியில் புகை எழும்பியது. பெயர்ப்பலகையை வாசித்து வாசித்து முஸ்லிம் கடைகளைக் கொளுத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. வாப்பா ஏணி வைத்துப் பலகையைக் கழற்றினார். பிறகு மேலே பார்த்து, "மகன், அதெ விட்டுட்டு வாங்க" என்றார். கணினி எரிந்தால் உழைப்பும் எரியுமே என்ற பதற்றத்தில், அரைகுறையாக இருந்ததை யாரிடமும் சரி கேட்காமல் எல்லாருக்கும் பொதுவான பிரதிக்குள் தள்ளிவிட்டு இறங்கினேன்.

வாப்பாவோடு படித்த கூட்டாளி ஒருவர், நகரசபையில் வேலை பார்த்த தமிழர், வேன் கொண்டுவந்து எங்களைக் கண்டி நகரத்து மஹய்யாவையில் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஊரடங்கு போட்டார்கள், இணையத்தையும் நிறுத்திவிட்டார்கள். கடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்தப் பயத்துக்கு நடுவிலும், சொன்னால் சிரிப்பீர்கள், நான் உடைத்துவிட்டு வந்த மென்பொருள் மனதை அரித்தது. அவன் எறிந்திருப்பான், திட்டியும் இருப்பான், பதிலுக்குத் திட்டக்கூட வழியில்லையே என்று எரிச்சல் வேறு.

ஊரடங்கு தளர்ந்த காலையில் கூட்டாளி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடை எரிந்துபோயிருந்தது. பலகை இல்லாவிட்டாலும் அது யாருடைய கடை என்று தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். வாப்பா கதிரையில் உட்கார்ந்தார்.

அன்று பின்னேரம் இணைப்பு திரும்பியது. அவர்கள் வீட்டுக் கணினியில் உட்கார்ந்தேன். என் மாற்றம் உள்ளேயே இருந்தது. ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. பிழையை ஒரு மணி நேரம் பொறுக்காத மனுசன் அதை எறியவில்லை. இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நான் விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்திருந்தான். அதுவும் என் பாணியில், அவன் வெறுக்கிற அதே இடைவெளிகளோடு. எழுதியவர் என்ற இடத்தில் என் மாங்காய் இருந்தது. கண்டியில் மழை, இணைப்பு அறுந்துவிட்டது என்று எப்போதோ நான் சொன்ன சாக்கை நினைவில் வைத்து, செய்திகளைத் தேடி வாசித்திருக்கிறான். கடைசியில் ஆங்கிலத்தில் எனக்கு எழுதியிருந்தான்: "காலையில் நீ சண்டைக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறாயா? வந்து சண்டை பிடி. அதுவரை இதில் யாரையும் கைவைக்க விடமாட்டேன்."

உம்மாவைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னேன்.

"ஆரு மகன் அது?"

பெயர் தெரியாது என்றேன்.

"அவருக்கு ஒங்கட பேரு தெரியுமா?"

"தெரியாது உம்மா."

உம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரு தெரியாமலா தேடினாரு?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எழுதிய வரிகளை மறுபடி வாசித்தேன். பிறகு பதில் எழுதினேன்: இருக்கிறேன். மூன்றாவது வரியில் ஓர் இடைவெளி குறைகிறது.