கருவியோடு நின்றவர்

இரண்டாயிரத்துகளின் நடுவில், ஒரு செய்திக்காக விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில், நாற்பதை நெருங்கும் ஒருவர் வெயிலில் அசையாமல் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. நீட்டிய உள்ளங்கையில் செல்போன் போல ஏதோ இருந்தது.

“சார், டவரு கெடைக்கலியா? செவுத்தோரமா வாங்க, அங்கதான் எடுக்கும்” என்றார் டீக்கடை அம்மா.

“போன் இல்லீங்க. நான் எங்க நிக்கிறேன்னு சொல்ற மிஷின்.”

“அதுக்கு எதுக்கு மிஷின்? என்னக் கேளுங்க, நான் சொல்றேன்.”

அந்த மனிதர் சிரித்தார். கல்வெட்டுகளில் வரும் ஊர்களைத் தேடிப்போய், இடத்தை அளந்து, கணினி வரைபடத்தில் குறிப்பது தன் ஆராய்ச்சி என்று என்னிடம் சொன்னார். அப்படி ஓர் ஊர் இந்த நிறுத்தத்தில்தான் இருந்தது என்பது அவர் கணக்கு. வரலாற்றுத் துறையினர் அவரைக் கம்ப்யூட்டர்காரர் என்றார்கள்; கம்ப்யூட்டர் துறையினர் வரலாற்றுக்காரர் என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை. மறுநாள் சென்னையில் ஒரு கல்லூரியில் அவருக்கு வேலைக்கான நேர்காணல்.

“‘மேப்பு பத்தி வாயத் தெறக்காதீங்க, வேலை நிச்சயம்’னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க” என்றார்.

“தெறக்காம இருப்பீங்களா?” என்றேன்.

“இத்தினி வருஷமா வேற என்னா பண்ணுனேன், பேசறதுக்கு?”

வேப்பூர் பஸ் வந்தது. அங்கே போய்த்தான் அவர் சென்னைக்கு பஸ் பிடிக்க வேண்டும். கருவி இன்னும் இடத்தைக் காட்டவில்லை.

“சார், வரீங்களா இல்லியா?” என்று கண்டக்டர் கத்தினார்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், போகும்படி இன்னொரு கையை அசைத்தார்.

அந்த வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. பஸ் கிளப்பிய புழுதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டதும், நீட்டிய கையை மட்டும் இறக்காததும் நினைவிருக்கிறது.